அறுபத்திரண்டாயிரம்

ரத்த அணுக்களை எண்ணும் மின்சார மிஷின் எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்கு வந்து இறங்கிய அன்று, மரப்பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கியது நான்தான். யாரும் என்னைப் பிடுங்கச் சொல்லவில்லை. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, அதற்கு மேல் லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்து, ஒன்றரை வருடமாக மைக்ரோஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை விட்டு, கட்டத்துக்குள் இருக்கும் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். வில்லியனூர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கண்ணை மூடினால்கூட இமைக்குள் புள்ளிகள் ஊரும். அதனால் அந்தப் பெட்டியை நான் உடைத்த வேகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

மிஷினின் சூட்சுமம் சின்னதுதான். ஒரு கண்ணாடிக் குழாய். அதன் அடிப்பக்கத்தில் தலைமயிர் கனத்துக்கு ஒரு துளை. குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் உப்புத் தண்ணீர். பக்கத்துக்கு ஒரு மின்கம்பி. உப்புத் தண்ணீரில் கரண்டு ஓடும் அல்லவா, அது அந்தத் துளை வழியாகத்தான் ஓடியாக வேண்டும். ரத்தத்தைத் துளியளவு அந்தத் தண்ணீரில் கலந்து உறிஞ்சினால், அணுக்கள் ஒவ்வொன்றாகத் துளைக்குள் நுழையும். நுழைகிற நேரத்தில் கரண்டுக்கு வழி குறுகும். வாய்க்கால் மடையில் ஒரு தேங்காய் மிதந்து போனால் அந்தப் பக்கம் தண்ணீர் ஒரு நொடி தயங்குமே, அதைப்போல. தேங்காய் பெரிதென்றால் தயக்கமும் பெரிது. எத்தனை தரம் தயங்கியது என்பது எண்ணிக்கை, எவ்வளவு தயங்கியது என்பது அணுவின் பருமன். சின்னத் திரையில் பச்சைக் கோடுகள் புல் முளைப்பதைப்போல முளைத்து முளைத்து மறையும். நான் அரைமணி நேரம் எண்ணியதை அது அரை நிமிடத்தில் எண்ணிவிடும்.

இதை நான் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொன்னேன். எங்கள் வேன் ஓட்டும் பாய்க்கு மட்டும் நாலு தரம் சொல்லியிருப்பேன். அவருக்கும் வில்லியனூர்தான், தம்பி மளிகைக்கடை வைத்திருந்தார்.

"புரிஞ்சிதும்மா. ஓட்டை வழியா ஆளு போனா மணி அடிக்கிது. எங்க கடைக் கதவுலயும் ஒண்ணு மாட்டிக் குடு. வர்றவன் எத்தினி பேரு, வாங்கறவன் எத்தினி பேருன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

மாதத்துக்கு இரண்டு முறை பாகூர் பக்கத்து கிராமங்களில் மருத்துவ முகாம் நடக்கும். மிஷினை முகாமுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னதும் நான்தான். அவர் யோசித்தார். "வழியில குலுங்கும். கரண்டு ஒழுங்கா இருக்காது" என்றார். நான் விடவில்லை. ஸ்டெபிலைசர் இருக்கிறது, மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். மடியில் வைக்கிற கனமா அது! ஆனாலும் வைத்துக்கொண்டுதான் போனேன். அன்றைய வலி இன்னும் தொடையில் இருப்பதுபோல ஒரு நினைப்பு.

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சுற்றிலும் கரும்பு, நடுவில் ஒரு தொடக்கப்பள்ளி, அதில்தான் முகாம். காலையில் முதல் வேலையாக ஒரு கப்பில் வெறும் உப்புத் தண்ணீரை வைத்து எண்ணிப் பார்த்தேன். ரத்தமே இல்லாத தண்ணீர், ஒன்றும் வரக்கூடாது. ஐம்பது அறுபது என்று வந்தது. அது தூசு, பரவாயில்லை. எட்டுப் பத்துப் பேர் ரத்தத்தை எண்ணினேன். பதினொரு மணி வாக்கில் திடீரென்று திரை முழுக்கப் பச்சைப் புல். வெறும் தண்ணீரை வைத்தாலும் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையிலிருந்து உறுமல் கேட்டது. வயலுக்கு விடும் கரண்டு அப்போதுதான் வந்திருந்தது. மோட்டார் கரண்டில் கிளப்பும் துடிப்புகளைத்தான் மிஷின் அணு என்று எண்ணுகிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. வரப்பில் ஓடினேன்.

கொட்டகையில் முப்பது வயதுக்காரர் ஒருவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணே, மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும்."

"இன்னாத்துக்கு?"

"எங்க மிஷின் உங்க மோட்டாரை ரத்தம்னு எண்ணுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கரண்டு வர்றதே நாலு மணி நேரம். உன் மிஷின் எண்ணணும்னு என் கரும்பு காயணுமா? நல்லா கீதே."

"அரைமணி நேரம் போதும்ணே. பதிலுக்கு உங்க வூட்ல யாருக்காவது ரத்தம் பாக்கணும்னா க்யூவுல நிக்காம நான் பாத்துத் தர்றேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வூட்டுக்காரி ஏழு மாசம்" என்றார். "ஒண்ணும் நோவு இல்ல. சும்மா பாக்கலாமா?"

"தாராளமா" என்றேன்.

மோட்டார் நின்றது. புல் மறைந்தது. வகுப்பறை ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து நான் சொன்னேன்: "இனிமே இந்த மிஷின் பொய் சொல்லாது." சும்மா சொல்லவில்லை, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அதற்குள் கொண்டுபோயிருந்த கண்ணாடிக் கப்புகள் தீர்ந்துவிட்டன. பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு ஆக்கும் அக்கா ஒருவர் காலையிலிருந்து எங்களுக்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்தார். அவரிடம் நாலைந்து கப்புகளை அலசித் தரச் சொன்னேன். கொண்டுவந்ததைப் பார்த்தால் ஓரத்தில் விரல் எண்ணெய் ஒட்டியிருந்தது.

"இன்னாக்கா இது, பளபளன்னு இருக்க வேணாமா?" என்று கடுகடுத்தேன்.

"இரு கண்ணு, நல்லாத் தேய்ச்சித் தர்றேன்" என்று வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது கப்புகள் வெயிலில் வைரம் மாதிரி மின்னின. நல்ல அக்கா என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மோட்டார்க்காரர் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். இருபது வயது இருக்கும். சிரித்த முகம். பின்னாலேயே மாமியாரும் வந்தார். கையில் அரிவாள், வயலில் இருந்து நேரே வந்த கோலம்.

"இவுளுக்கு இன்னாடா கொறச்சல், ரத்தம் எடுக்கறாங்க?" என்று மகனைக் கேட்டார் மாமியார்.

"சும்மாதாம்மா. நம்ம மோட்டார நிறுத்தினதுக்கு."

மின்னுகிற கப்பில் உப்புத் தண்ணீர் ஊற்றி, ரத்தத்தைக் கலந்து, சிவப்பணுக்களைக் கரைக்கும் மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். சிவப்பு கரைந்துபோனால் வெள்ளையணு மட்டும் மிஞ்சும்; அது ஒரு மனிதருக்கு ஏழாயிரம் எட்டாயிரம் இருக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொஞ்சம் கூட. மிஷின் ஓடி நின்றது. அறுபத்திரண்டாயிரம்.

மோட்டார் நின்றுதான் இருந்தது. அதே கப்பை வைத்து இன்னொரு முறை எண்ணினேன். அறுபத்தோராயிரத்துச் சொச்சம். அச்சடித்த மாதிரி. பயந்துபோய் எண்ணைச் சீட்டில் எழுதினேன். இப்போது வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயத்துக்கு அடியில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. நோவு ஒன்றும் இல்லை என்று வந்தவளிடம் ஒளிந்திருந்த நோயை என் மிஷின் பிடித்துவிட்டதே என்ற பெருமை.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்து முகம் மாறினார். "ஸ்மியர் எடுத்தியா?" என்றார். ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி, சாயம் போட்டு, அணுக்களை நேரில் பார்ப்பது அது. எடுத்திருந்தேன். ஜன்னல் கட்டையில் காய வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் எறும்பு மொய்த்து, பாதிக் கண்ணாடியைச் சுத்தமாக மேய்ந்திருந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்று திரும்பினால் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குள் டாக்டரம்மா அவர்களிடம், "வெள்ளையணு ரொம்ப அதிகமா இருக்கு. சீக்கிரமா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று தாழ்ந்த குரலில்தான் சொல்லியிருந்தார். ஜன்னலில் தொற்றியிருந்த யாரோ அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்கள். ரத்தப் புற்று. கேட் தாண்டுவதற்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

வேனில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "இன்னாம்மா, மிஷின் புள்ள ஊமையாயிட்ச்சே" என்றார் பாய். தூக்கத்தில் கண் சொக்கியது, தூங்கவும் முடியவில்லை.

மறுநாள் லேபில் மிச்சம் இருந்த மின்னுகிற கப்புகளில் ஒன்றை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, கை போனது. வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றி எண்ணினேன். நாற்பத்தெட்டாயிரம்.

உட்கார்ந்துவிட்டேன். இங்கே கரும்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. மிஷினில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால், இந்தப் பருமனுக்கு மேற்பட்டதை மட்டும் எண்ணு என்று சொல்லலாம். நிஜ ரத்தத்தை வைத்துத் திருகினால் எண்ணிக்கை கொஞ்ச தூரம் அப்படியே நிற்கும், பிறகு மளமளவென்று விழும். ஒரே ரக நெல் மாதிரி அணுக்கள் ஒரு அளவாக இருப்பதால் அப்படி. இந்தத் தண்ணீரை வைத்துத் திருகத் திருக எண்ணிக்கை படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. நிற்கிற இடமே இல்லை. குருணை, உமி, மண் எல்லாம் கலந்த களத்துக் குப்பையை அளந்தால் இப்படித்தான் வரும். பருமனையும் அளக்கும் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு, இந்தச் சோதனையை நேற்று அந்தப் பெண்ணின் கப்புக்குச் செய்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு திருகல்.

ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கறுப்பும் சாம்பலுமாகத் துகள்கள். உமிச்சாம்பல். பாத்திரம் பளபளக்க வேண்டுமானால் எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அடுப்பிலிருந்து அதைத்தான் அள்ளுவார்கள். தேங்காய்நாரால் தொட்டு அழுத்தித் தேய்த்து, ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்து வைப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான். பளபளன்னு வேணும் என்று கேட்டது நான்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தக் கப்புல வெறும் தண்ணிய வெச்சிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "ஸ்மியர் இல்லாம நானும் வாயத் திறந்திருக்கக் கூடாது" என்றார். மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடி, திரும்ப வைத்தார். "போய்ச் சொல்லிட்டு வா."

அன்று மத்தியானமே போனேன். பஸ் இறங்கி, கரும்புக்கு நடுவே இரண்டு மைல் நடை. வீட்டு வாசலில் மாமியார் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கூடத்தில் யாரும் இல்லை. மாட்டுக்கொட்டகையை ஒட்டின தாழ்வாரத்தில் பாய் விரித்து அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர். அவளுக்கென்று தனியாக.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பு, சாம்பல், என் தப்பு. மாமியார் முறத்தை நிறுத்தவேயில்லை.

"மிஷின் பொய் சொல்லாதுன்னு நேத்து நீதான சொன்ன?"

"சொன்னேன். தப்புங்க."

"நேத்து நெசம், இன்னிக்குத் தப்பு. நாளைக்கு இன்னா சொல்லுவ?" அவர் உமியை ஊதினார். "அவ மனசு ஒடிஞ்சிடும்னு டாக்டரு உன்னை அனுப்பிச்சி இப்படிச் சொல்லச் சொல்லுச்சா? வெள்ளிக்கிழமை வளையல் அடுக்க இருந்தோம். அதையும் நிறுத்தியாச்சி. அவுங்க அம்மா வூட்டுக்கு ஆள் போயிருக்கு. வந்து கூட்டிக்கினு போவட்டும். அங்க இருந்து பாத்துக்கட்டும்."

"அவுங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"புள்ள பொறந்து, அதுக்கும் வந்துச்சின்னா நீ வந்து தூக்குவியா?"

தாழ்வாரத்தில் அந்தப் பெண் திரும்பிப் படுத்தாள். என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி நடக்கும்போது பள்ளிக்கூட வாசலில் சோறு ஆக்கும் அக்கா நின்றிருந்தார். "கண்ணு, கப்பு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சிக்கா" என்றேன். வேறென்ன சொல்ல? இனிமேல் நானே கழுவிக்கொள்கிறேன் என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு எண் அந்த வீட்டுக்குள் போக அரை நிமிடம் போதுமாக இருந்தது. அதை வெளியே எடுக்க எத்தனை நடை நடக்க வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். ராத்திரி அம்மா சோறு போட்டதும் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். விடிந்ததும் லேபுக்குப் போய்ப் பழைய மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பாய் டாக்டரம்மாவிடம் கேட்டு வேனை எடுத்தார்.

அன்று வியாழக்கிழமை. பெண்ணின் அம்மா வீட்டுக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. நான் வாசலில் ஒரு முக்காலி கேட்டு வாங்கி, மைக்ரோஸ்கோப்பை அதன்மேல் வைத்து, அடியில் இருக்கும் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பினேன்.

"இதுக்கு மோட்டார நிறுத்த வேணாமா?" என்றார் மாமியார்.

"இதுக்குக் கரண்டே வேணாம். வெயிலு போதும். நீங்களே எண்ணுங்க."

"நானா?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. மிஷினை நான் நம்ப மாட்டேன். நீங்களே எண்ணிடுங்க."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். விரலை நீட்டுவதற்கு முன்னால் அவள் என் கையிலிருந்த கண்ணாடிக் குழலை வாங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "கழுவினியா?" என்றாள். "மூணு தரம்" என்றேன். நீட்டினாள். சிவப்பைக் கரைக்கும் மருந்தில் ரத்தத்தைக் கலந்து, கட்டம் போட்ட தகட்டில் விட்டேன்.

மாமியாருக்கு எந்தக் கண்ணை மூடுவது என்பதே முதலில் பெரும்பாடாக இருந்தது. பிறகு, "ஐய, வயலு மாதிரி வரப்பு போட்டிருக்கு" என்றார். மூலைக் கட்டம் ஒன்றைக் காட்டி, உள்ளே இருக்கும் புள்ளிகளை எண்ணச் சொன்னேன். களத்தில் நெல் அளக்கும்போது எப்படித் தொடங்குவார்களோ அப்படியே, ஒன்று என்று சொல்லாமல், "லாபம்… ரெண்டு… மூணு…" என்று தொடங்கினார். நடுவில் நிறுத்தி, "வரப்பு மேல நிக்கறத எந்தப் பக்கம் சேக்கறது?" என்று கேட்டார். படிப்பில் சேர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் நான் கேட்ட கேள்வி அது. மேல் கோட்டிலும் இடது கோட்டிலும் நிற்பதைச் சேருங்கள், மற்ற இரண்டு கோட்டில் நிற்பதை விட்டுவிடுங்கள் என்றேன். "அது பக்கத்து வயக்காரனுது" என்று தலையாட்டினார். நாற்பத்தெட்டு வந்தது. நான் எண்ணினேன், நாற்பத்தாறு. ஒரு புள்ளிக்கு இருநூறு என்று பெருக்கினால் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

"இது கூடவா, கொறச்சலா?"

"சரியான கணக்கு."

"நீ சொல்ற. எனக்கு எப்டித் தெரியும்?" பிறகு தன் விரலை நீட்டினார். "எனக்கு எடு. எனக்குத்தான் ஒரு நோவும் இல்லையே."

எடுத்தேன். அவர் ரத்தத்தையும் அவரே எண்ணினார். முப்பத்தைந்து.

"எனக்கு முப்பத்தஞ்சி. அவுளுக்கு நாப்பத்தெட்டு. கூடத்தான் இருக்குது?"

"பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். மிஷின் சொன்னது நெசம்னா இந்தக் கட்டத்துல முந்நூறு இருக்கணும். வரப்பே தெரியாது."

அவர் மறுபடி குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். வேனருகில் பாய் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். அந்தப் பெண், "அத்த, எனக்கு நிக்க முடியல. நான் போய்ப் படுக்கறேன்" என்றாள். மாமியார் நிமிராமலே, "கூடத்துல படு" என்றார். அவள் தாழ்வாரத்துப் பக்கம் பார்த்தாள், பிறகு கூடத்துக்குள் போனாள். அவ்வளவுதான். யாரும் அழவில்லை, கும்பிடவில்லை. எல்லோரும் அலுத்துப்போயிருந்தோம்.

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் உள்ளே போய்ச் சோறு போட்டு எடுத்துவந்தார். மீன் குழம்பு. மணப்பட்டு மீன்காரி அன்று காலை வந்து போயிருந்தாள் போல. அது அந்தப் பெண்ணின் தலைமாட்டில் இருந்த அதே அலுமினியத் தட்டு.

"சாப்புடு" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். தட்டின் விளிம்பில் விரல் பட்டபோது நறநறவென்று இருந்தது. கழுவியது சாம்பலில்தான். பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முழுக்கச் சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நான் எடுக்கப் போனேன். அவர் விடவில்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்தார். ஒரு தரம் அலசினார், நிறுத்தினார், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு தரமும் அலசினார். உள்ளே கொண்டுபோய் மற்றத் தட்டுகளோடு கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழம நாளைக்குத்தான?" என்றார் வாசலுக்கு வந்து. "அவுங்க அம்மா வூட்ல இருந்து வர்ற ஆளுங்களுக்குச் சோறு வடிக்கணும், வளையலும் வாங்கியாரணும். நீ போறப்ப என் புள்ளைய வரச் சொல்லு. மோட்டார் கொட்டாயில இருப்பான்."

வரப்பில் நடந்து போய் அவரிடம் சொன்னேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.